பத்துச் சொட்டும் கொசுறும்

மருந்துக்கடை என்பது, படியேறி வருகிற ஒவ்வொருவரும் ஏற்கெனவே யார் மேலோ கோபமாக இருக்கிற வியாபாரம். ஜவுளிக்கடைக்குச் சிரித்துக்கொண்டு போகிற அதே குடும்பம் நம்மிடம் வரும்போது டாக்டரைத் திட்டிக்கொண்டு வரும். விலையைச் சொன்னதும் நம்மையும் சேர்த்துத் திட்டும். கல்லாவுக்குப் பின்னால் நின்று காலம் தள்ளுகிறவர்களே, உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தூத்துக்குடிக் கடற்கரையில் மீன் ஏலம் கூவினேன். பிறகு உப்புக்குத் தரகு பார்த்தேன். இரண்டிலும் நன்றாக ஏமாந்து, ஏமாந்த இடத்திலேயே பேரம் கற்றுக்கொண்டு, எழுபதுகளில், புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்த சமயத்தில், மருந்துக்கடை போட்டேன். லைசென்ஸுக்குப் படித்த ஆள் வேண்டும் என்றார்கள். கம்பவுண்டர் சுப்பையாவைச் சம்பளத்துக்கு வைத்தேன். சர்டிபிகேட் அவருடையது, சத்தம் என்னுடையது. அவர் நாளெல்லாம் பேசுவதை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம்.

கடையில் எத்தனையோ சரக்கு விற்றேன். பேதி மருந்து, தேள்கடி மருந்து, எல்லாம். ஆனால் கட்டைவிரல் உயரம்கூட இல்லாத, பிள்ளைகளுக்கான வைட்டமின் சொட்டு மருந்துப் பாட்டில் என்னை ஆட்டிவைத்த மாதிரி வேறெதுவும் ஆட்டிவைக்கவில்லை.

சொட்டுக்கும் பேரம்

செலின் முதன்முதலாக வந்தபோது இடுப்பில் பிள்ளை, கையில் டாக்டரம்மாவின் சீட்டு. பிள்ளைக்கு ஒன்றேகால் வயது, அந்தோணி என்று பெயர். குச்சிக் கை, குச்சிக் கால். கண் மட்டும் ரெண்டு ஆளுக்கு வேண்டிய அளவு. இரும்புச் சத்து சேர்த்த வைட்டமின் சொட்டு மருந்து, தினம் பத்துச் சொட்டு என்று சீட்டில் எழுதியிருந்தது. செலின் எழுதாததையும் சொன்னாள். “அண்ணாச்சி, இவங்க அப்பா கப்பல்ல சமையல் வேலைக்குப் போயி பத்து மாசமாச்சு. இன்னும் ரெண்டு மாசத்துல வந்துருவாவ. எங்க மைனி இப்பவே, ‘எந் தம்பி புள்ளைய இவ பட்டினி போட்டுட்டா’ன்னு தெருத்தெருவாச் சொல்லுதாவ. அவுக வந்து எறங்கறதுக்குள்ள இவன் தேறிரணும். இல்லன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவுக முன்னால நிப்பேன்?”

முதலில் விலையில் அடித்தாள். நான் இறங்கினேன், அவள் ஏறினாள், எட்டணாக் குறைத்ததில் முடிந்தது. எனக்கு உடம்பெல்லாம் பழைய ஏலச் சூடு ஏறிவிட்டது. அதே மூச்சில் அவள், “பத்துதானா? இம்புட்டு வெல குடுத்து வாங்கி பத்து சொட்டா? பதினஞ்சு ஆக்குங்க” என்றாள். “பத்துதான்ளா.” “பதிமூணு.” “டாக்டரம்மா எழுதினது பத்து.” “சரி, பன்னெண்டு. அதுக்குக் கீழ நான் எறங்க மாட்டேன்.” எங்கள் ஊரில் மீன் வாங்கினால் கூறுக்கு மேல் ஒரு சாளை, காய் வாங்கினால் ரெண்டு பச்சைமிளகாய். கொசுறு கொடுக்காத கடை விளங்காது. பழக்கதோஷத்தில் என் வாய், “போ, ரெண்டு கொசுறு. கொண்டு போ” என்றுவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அன்றைக்கே திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். பேரம் முடிந்த கையோடு ஆளைத் திரும்பக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. சுப்பையா அலமாரியைத் துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார்: “அண்ணாச்சி, வெலயில எவ்வளவு வேணும்னாலும் கொறைங்க. சொட்டுல கூட்டாதிய.”

அரைச் சங்கு

ஆறாம் நாள் செலின் மறுபடி வந்து இன்னொரு பாட்டில் கேட்டாள். நல்ல வாடிக்கை கிடைத்தது என்று நான் எடுக்கத் திரும்பினேன். சுப்பையா என் கையைப் பிடித்தார். “பத்து சொட்டு வீதம் ஒரு மாசம் வரணுமே அது” என்றார். விசாரித்தால், பாட்டிலோடு வந்த கண்ணாடி டிராப்பர் மூன்றாம் நாளே கீழே விழுந்து உடைந்துவிட்டதாம். அதற்காகப் பிள்ளைக்கு மருந்து கொடுக்காமல் இருக்க முடியுமா? சங்கில் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். இந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்குப் பாலோ உரைமருந்தோ சங்கில்தான் ஊட்டுவது. கடலிலிருந்து எடுத்த சங்கு, மூக்கை இழைத்து வழவழப்பாக்கி வீட்டுக்கு வீடு இருக்கும். “முழுச் சங்கு குடுக்கல அண்ணாச்சி, எனக்கும் அறிவு இருக்கு. அரைச் சங்குதான்” என்றாள்.

சுப்பையா ஒரு டிராப்பரில் தண்ணீர் எடுத்து, மருந்து அளக்கும் கண்ணாடிக் குப்பியில் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணினார். அவள் சொன்ன அரைச் சங்கின் அளவு வருவதற்குள் ஐம்பதைத் தாண்டிவிட்டது. “பிள்ள எப்படி இருக்கான்?” என்று கேட்டேன். சோறு தொடமாட்டேன் என்கிறான், நேற்று ரெண்டு தரம் வாந்தி, வயிறு கல் மாதிரி, வெளிக்குக் கறுப்பாகப் போகிறான் என்று வரிசையாகச் சொன்னாள். சத்து பிடிக்கிறது என்று நினைத்தாளாம்! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இரும்புச் சத்து அளவோடு போனால்தான் சத்து, கூடிப்போனால் விஷம் என்று சுப்பையா அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, நான் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பாட்டில் தர முடியாது, இப்போதே டாக்டரம்மாவிடம் போ என்று விரட்டினேன். அவளும் சளைத்தவள் இல்லை. பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினவள் திரும்பி நின்று கேட்டாள்: “ஏலம் கூவுன வாயி இன்னும் மூடல பாத்தியளா. நீங்க இங்கன விக்கது மருந்தா, ஏச்சா?”

சங்கு குளிக்கிறவர் வைத்தியம்

பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, மருந்தை இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார்கள் என்று பிறகு தெரிந்தது. செலின் என் கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. எனக்கோ மனசு ஆறவில்லை. அரைச் சங்கு அவள் தப்பு என்றால், அதற்கு முன்னால் ரெண்டு சொட்டு என் தப்பு. ஆகவே ஒரு சட்டம் போட்டேன். சொட்டு மருந்து வாங்குகிற யாராக இருந்தாலும், கல்லா மேல் வைத்த தம்ளர் தண்ணீரை டிராப்பரால் எடுத்து, சீட்டில் எழுதினபடி எண்ணிச் சொட்டிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் பாட்டில் வெளியே போகும். பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். மீதிப் பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

முதலில் மாட்டியவர் சவரிமுத்து. கடலில் முங்கிச் சங்கு எடுக்கிறவர், மார்பு பீப்பாய் மாதிரி இருக்கும். மாதத்துக்கு மூன்று பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தார். “எத்தன பிள்ள அண்ணே வீட்டுல?” “ஒண்ணு.” “ஒண்ணுக்கு மூணு பாட்டிலா? சொட்டிக் காட்டும்.” அவர் டிராப்பரைக் கையில் எடுத்து, எந்தப் பக்கம் ரப்பர் எந்தப் பக்கம் மூக்கு என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஒப்புக்கொண்டார். பிள்ளைக்குக் கொடுத்தால் இவ்வளவு தெம்பு வருகிறதே, நாமும் குடித்தால் தண்ணிக்கு அடியில் கூடுதல் நேரம் மூச்சுப் பிடிக்கலாம் என்று, படகு ஏறுகிறதுக்கு முன்னால் ஒரு பாட்டிலை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொள்வாராம். “பிள்ளைக்கு என்ன குடுக்கீரு?” என்று கத்தினேன். “பாட்டில்ல மிஞ்சினத” என்றார். நான் வாய் திறப்பதற்குள் லேபிளை என் மூக்குக்கு நேரே நீட்டினார்: “பெரியவன் குடிக்கப்படாதுன்னு இதுல எங்கன எளுதியிருக்கு, காட்டும்!”

நீல உதடு

படிக்காதவர்கள்தான் இப்படி என்று நினைத்தால், நானே படிக்காதவன், அந்த நினைப்பு எனக்கு ஆகாது. சாயர்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்த கணக்கு வாத்தியார் ஒருவர், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை, தன் மகளுக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது, உங்கள் மருந்தில் ஏதோ கோளாறு என்று சட்டம் பேசினார். பயந்துபோய் பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். மருந்து நல்ல ஆரஞ்சு நிறம். டிராப்பரைக் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பேனாவுக்கு மை போடுகிற இங்க் ஃபில்லர்! பாட்டிலில் இருந்தது தொலைந்துவிட்டது, இதுவும் அதே வேலைதானே செய்கிறது, கழுவித்தான் போட்டேன் என்றார். உதடு நீலத்தின் மர்மம் அங்கேயே தீர்ந்தது. மகளுக்கு ஒன்றுமில்லை, மைதான்.

சுப்பையா விடவில்லை. மருந்தோடு வந்த டிராப்பர் ஒன்றில் பத்துச் சொட்டு ஒரு குப்பியில், வாத்தியாரின் ஃபில்லரில் பத்துச் சொட்டு இன்னொரு குப்பியில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஃபில்லரின் வாய் அகலம், அதன் சொட்டு குண்டு. இரண்டாவது குப்பியில் கிட்டத்தட்ட ஒன்றரைப் பங்கு தண்ணீர் நின்றது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் அதோடு வந்த டிராப்பர்தான் அளவு, உடைந்தால் வந்து கேளுங்கள், அடுத்த வீட்டில் இரவல் வாங்காதீர்கள் என்று நான், என் கணக்குக்கு மெதுவாகவே, சொன்னேன். வாத்தியார் இரண்டு குப்பிகளையும் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கடையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டார். பிறகு ஃபில்லரைப் பையில் போட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்: “நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவன். இது சாயர்புரம் வரைக்கும் வர வேண்டாம்.”

கொசுறைத் திருப்பிக் கேட்டது

செலின் வந்தாள். நிறுத்தச் சொன்ன நாள் முடிந்து, டாக்டரம்மா மறுபடி அதே பத்துச் சொட்டு எழுதியிருந்தார்கள். எதிர்க்கடைக்குப் போகாமல் என்னிடம் ஏன் வந்தாள் என்று கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், எனக்குத் தெரியும். தம்ளரை நகர்த்தினேன். பிள்ளை இடுப்பில் உட்கார்ந்து என் தராசுத் தட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் முகம் தெளிந்திருந்தது. ஆனால் அதே குச்சிக் கைதான். “ஒரு மாசம்தான் இருக்கு அண்ணாச்சி” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குள் நாத்தனார், கப்பல், தெரு எல்லாம் இருந்தது.

அழகாக எடுத்தாள். டிராப்பரை நேராகப் பிடித்து, மூக்கு எதிலும் படாமல், “ஒண்ணு, ரெண்டு” என்று பத்து வரைக்கும் எண்ணினாள். பிள்ளை வாயில் விடும்போது தொண்டைக்கு நேரே விடாமல் கன்னத்து ஓரமாக விட வேண்டும் என்று தானாகவே சொன்னாள். நான் சுப்பையாவைப் பெருமையாகப் பார்த்தேன். அந்தப் பெருமை அடங்குவதற்குள் ரப்பரை இன்னும் ரெண்டு தரம் அழுத்தினாள். பதினொன்று, பன்னிரண்டு! “அது என்னளா?” என்றேன். “கொசுறு” என்றாள், கூசாமல். கோபம் வந்தது, யார் மேல் படுவது என்று தெரியாமல் நின்றது. சுப்பையா அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. நான் ஏலம் கூவின காலத்திலிருந்து யாரிடமும் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன்: “அது எந் தப்பு. அந்தக் கொசுறு கிடையாது. பத்து, பத்துதான்.” செலின் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “குடுத்த கொசுறத் திருப்பிக் கேக்க கடைக்காரர இன்னைக்குத்தான் பாக்கேன்!”

கப்பல் பெட்டி

செலின் புருஷன் மிக்கேல் வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை முற்பகல். நாங்கள் கடையிலிருந்தே பார்த்தோம்: சைக்கிள் ரிக்சாவில் ஒரு தகரப் பெட்டி, பெட்டி மேல் ஒரு மனிதர். ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. செலின் தலைமுடி அவிழ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் மிக்கேல், அவருக்குப் பின்னால் அவர் அக்காள், அக்காள் கையில் ஒரு செம்பு. பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் சாமான் எடுத்துக் கொடுத்திருக்கிறார் மிக்கேல். பிள்ளைக்கென்று ஏதோ துறைமுகத்தில் வாங்கின பெரிய பாட்டில் வைட்டமின் மருந்து. வாசம் எப்படி இருக்கிறது பாரு என்று அக்காளிடம் மூடியைத் திறந்து காட்டிவிட்டு, சரியாக மூடாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார். எல்லாரும் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் இருந்த பெட்டியில் கையை விட்டு, பாட்டிலை எடுத்து அந்தோணி குடித்துவிட்டான். அவன் ஏன் குடிக்க மாட்டான்? மருந்து கொடுக்கும்போதெல்லாம் செலின் அதை “மிட்டாய்த் தண்ணி” என்று சொல்லித்தானே வாயைத் திறக்க வைத்திருக்கிறாள்!

வாந்தி எடுக்க வைக்க என்று அக்காள் செம்பை நீட்டினாள். உப்புத் தண்ணீர். உப்பளம் சூழ்ந்த ஊரில் எதற்கும் முதலில் நினைவு வருவது அதுதான். நாள் முழுக்க வாய் திறக்காத சுப்பையா அன்றைக்குக் கத்தினார்: “அதக் குடுக்காதிய! வாயில வெரலயும் விடாதிய! நேரா ஆஸ்பத்திரி!” நான் மிக்கேலைப் பிடித்துத் தள்ளினேன். “பாட்டில் எங்க? அத எடுத்துட்டு வாரும். பாட்டில் இல்லாம அங்கன வராதயும்!” கடையைச் சுப்பையாவிடம் விட்டுவிட்டு செலினோடும் அக்காளோடும் ரிக்சாவில் ஏறினேன். வழியெல்லாம் செலின் முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பிள்ளையோ உதட்டை நக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

மிக்கேல் பாட்டிலோடு ஓடி வந்து சேர்ந்தார். டாக்டரம்மா லேபிளைப் படித்தார்கள். நம் ஊர் மருந்தைவிட இரும்புச் சத்து கூடுதல். “எவ்வளவு குடிச்சிருப்பான்?” என்று கேட்டார்கள். “நாக்குல பட்டிருக்கும்” என்றாள் செலின். “ஒரு மடக்கு இருக்கும்” என்றார் மிக்கேல். “அதுகூட இருக்காது, அரை மடக்கு” என்றாள் அக்காள். எல்லாருக்கும் பழி வந்துவிடுமோ என்று பயம். என் கண் முன்னால் அளவு, விடியற்காலை ஏலத்தில் சாளை விலை இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே போனது. எனக்குப் பொறுக்கவில்லை. “நிறுத்துங்க! இங்க எறக்கிப் பேசாதிய! கூட்டிச் சொல்லுங்க! ஏளா செலினு, யாரு உன்ன ஏசுனாலும் நான் பாத்துக்கிடுதேன். மூடி தொறக்கும்போது எவ்வளவு இருந்துச்சு? அதச் சொல்லு!” செலின் அழுதுகொண்டே பாட்டிலின் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். இப்போது அதில் பாதிதான் இருந்தது. சட்டையில் சிந்தினது கொஞ்சம், பெட்டியில் சிந்தினது கொஞ்சம் என்று மிக்கேல் ஆரம்பித்தார். சிந்தினதைக் கழிக்க வேண்டாம், பாதியும் உள்ளே போனதாகவே வைத்துக்கொள்வோம் என்று டாக்டரம்மா எழுந்தார்கள். வயிற்றைக் கழுவக் குழாய் கொண்டுவரச் சொன்னார்கள். பிள்ளையை உள்ளே தூக்கிப் போகும்போது நர்ஸிடம் என்னைக் காட்டிச் சொன்னார்கள்: “இவர் சத்தம் போட்டது சரிதான். இனி மிச்சத்தை வெளியே நின்னு போடச் சொல்லுங்க.”

தராசில் ஏறியவர்

அன்றைக்கு நான் கடையில் செய்த வியாபாரம் எதுவும் வியாபாரம் இல்லை. ஒருவர் இருமலுக்குக் கேட்டதற்குக் கால் வலித் தைலம் எடுத்து வைத்தேன். பேரம் பேசினவரிடம் அவர் சொன்ன விலைக்கே கொடுத்தேன். அவர் பயந்துபோய் மருந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாயங்காலம் ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு தரம் வாந்தி எடுத்தான், தூங்குகிறான், இன்னும் ஒரு நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். செலின் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அக்காளும் உட்கார்ந்திருந்தாள். ரெண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்ததை நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை போனபோது பிள்ளை கட்டில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, போகிற வருகிறவரையெல்லாம் கை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆபத்து தாண்டிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் செலின் கேட்டது என்ன தெரியுமா? “இனிமே இவன் எப்படித் தேறுவான் டாக்டரம்மா?” அவர்கள் பிள்ளையை எடை பார்த்தார்கள். வயசுக்குச் சரியான எடை. பத்துச் சொட்டு எழுதிக் கொடுத்தது ரத்தம் கொஞ்சம் குறைவாக இருந்ததற்கு, குண்டாக்குவதற்கு அல்ல என்று பொறுமையாகச் சொன்னார்கள். ஒரு மருந்து போதும், கப்பல் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, எதுவானாலும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், மருந்தை மிட்டாய் என்று சொல்லவே கூடாது என்றார்கள். செலினுக்குப் பாதி நம்பிக்கைதான். அப்போது டாக்டரம்மா, பாய்மரக் கம்பம் மாதிரி மூலையில் நின்ற மிக்கேலைப் பார்த்தார்கள். “நீங்க இந்தப் பெரிய தராசுல ஏறுங்க” என்றார்கள். ஏறினார். முள் சும்மா பேருக்கு நகர்ந்து நின்றது. டாக்டரம்மா செலின் பக்கம் திரும்பினார்கள்: “கப்பல்ல மூணு வேளையும் சமைச்சுச் சாப்பிடுற ஆளு இவ்வளவுதான் இருக்காரு. பிள்ளை அப்பாவை உரிச்சு வச்சிருக்கான். அதுக்கு நான் என்ன சொட்டு எழுதட்டும்?”

இரண்டாவது வாய்

அதற்குப் பிறகு செலின் என் கடைக்கு வாரம் ஒரு தரமாவது வருவாள், வாங்க வேண்டியது இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒருநாள் குலசேகரன்பட்டினத்திலிருந்து வந்த சின்னப் பெண் ஒருத்தி கைப்பிள்ளையோடு நின்றாள். முதல் பிள்ளை. விலை கேட்டாள், சொன்னேன். அவளுக்குப் பேரம் பேசத் தெரியவில்லை, முந்தானை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள். பொறுக்குமா செலினுக்கு! நடுவில் புகுந்து, ஊர் உலகத்தில் இல்லாத நியாயமெல்லாம் பேசி, என்னை ஒரு ரூபாய் இறக்கிவிட்டாள். நான் கத்தினேன், அவள் கத்தினாள், சுப்பையா பாட்டிலையும் தம்ளரையும் எடுத்து வைத்தார்.

அந்தப் பெண் பத்துச் சொட்டு எண்ணி முடித்தாள். விலை குறைந்த சந்தோஷத்தில் துணிச்சல் வந்துவிட்டது. “அண்ணாச்சி, பிள்ள ரொம்ப நோஞ்சானா இருக்கான். இன்னும் ஒண்ணு ரெண்டு சேத்து…” என்று இழுத்தாள். நான் மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடி நின்றது, ஏனென்றால் செலின் முந்திக்கொண்டாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்த டிராப்பரைப் பிடுங்கி, பாட்டிலோடு சேர்த்து அட்டைப் பெட்டிக்குள் போட்டு, மூடியை இறுக அழுத்தி, அவள் கையில் வைத்து அழுத்திச் சொன்னாள்: “வெலயில ஒனக்காக நான் இந்த மனுசனோட எம்புட்டு நேரமும் மல்லுக்கு நிப்பேன். சொட்டுல வாயத் தொறந்தியோ, இவருகூட ஏசுறதோட விட்டுருவாரு, நான் ஒன் வீடு வரைக்கும் வருவேன்!”

ஒரு பிள்ளைக்குப் பத்துச் சொட்டு பத்தாகவே போய்ச் சேர, எங்கள் ஊரில் ஒரு டாக்டரும் ஒரு கம்பவுண்டரும் இரண்டு சண்டைக்காரர்களும் தேவைப்படுகிறார்கள். மருந்துக் கம்பெனிக்காரர்கள் என்னவோ பாட்டிலோடு ஒரு டிராப்பரை மட்டும் வைத்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.